ஈ காக்கா தொடாத புதர்

என் கணவரைக் கடித்தது புலி என்று சொல்லியிருந்தால்கூட எங்கள் தெருவில் நம்பியிருப்பார்கள். உண்ணி என்று சொன்னதும் ஒருத்தரும் நம்பவில்லை. "உண்ணியா? அது மாட்டைன்னா கடிக்கும்!" என்று என் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். அப்படிச் சிரித்த நாலு பேரும் அடுத்த அரை மணிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேஷ்டியை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

நான் ஹேமாம்புஜம். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் சக்ரவர்த்தி சம்ஸ்கிருத வாத்தியார். பெருமாள் புறப்பாட்டில் பாசுரம் சேவித்துக்கொண்டு முன்னால் போகும் கோஷ்டியில் அவரும் ஒருவர். நல்ல மனுஷர். குரல் கணீரென்று இருக்கும். பிடிவாதமும் அப்படித்தான்.

அதிலும் மடி விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. குளித்து, தானே துவைத்து, வேறு யார் கையும் படாமல் உலர்த்தி எடுத்துக் கட்டினால்தான் அது மடி வேஷ்டி. கட்டின பிறகு பூஜை முடிகிறவரை யாரும் அவர்மேல் படக்கூடாது. யாரும் என்றால் நானும் சேர்த்திதான். கல்யாணமான புதிதில் கொடியிலிருந்து நழுவின வேஷ்டியை ஓடிப் போய்ப் பிடித்தேன். பாராட்டுவார் என்று பார்த்தால், மனுஷர் அதை மறுபடி நனைத்துப் பிழிந்து உலர்த்தினார். அன்றிலிருந்து, விழுந்தால் விழட்டும் என்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மாட்டுப் பொங்கல். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குப் பெருமாள் பார்வேட்டைக்கு, அதாவது வேட்டைக்குப் போகிற உற்சவத்துக்கு, பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று வழியெல்லாம் நின்று நின்று போவார். கோஷ்டியும் கூடவே நடக்கும். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்ததால் பாலாற்றில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. மலையும் பச்சைப் பசேலென்று இருந்ததாம். திரும்பி வந்தவர் காலைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்துவிட்டார்.

"ஆத்துல தீர்த்தமாடிட்டு வேஷ்டியை உலர்த்தணும். கீழே கயிறு கட்டியிருந்தா. அதுல ஊர்ப்பட்ட துணி, ஒண்ணோட ஒண்ணு ஒரசிண்டு! நான் விடுவேனா? நம்ம கோஷ்டி ஸ்ரீவர்தன், ப்ரஹ்லாத், இன்னும் ரெண்டு பேரை அழைச்சுண்டு சரிவுல மேலே போனேன். அடர்த்தியா ஒரு புதர். ஈ காக்கா தொட்டிருக்காது. அஞ்சு வேஷ்டியையும் அதுமேலதான் விரிச்சோம். துண்டைக் கட்டிண்டு புல்லுல உட்கார்ந்து காய விட்டு, அப்படியே எடுத்துக் கட்டிண்டோம். அப்பேர்ப்பட்ட மடி இந்த ஜன்மத்துல கிடைக்காது."

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நான் பொங்கல் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. குடியரசு தினத்தன்று பள்ளியில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வீட்டுக்கு வந்தால், இவர் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். தொட்டால் அடுப்பு மாதிரி சுடுகிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் இறங்கும், மறுபடி ஏறும். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டைஃபாய்டு இல்லை, மலேரியா இல்லை. நாலாம் நாள் பக்கத்தில் இருந்த நர்ஸிங் ஹோமில் சேர்த்தேன். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். ஜுரம் நூற்று நாலிலேயே உட்கார்ந்துகொண்டது.

அன்று ராத்திரி பிதற்றினார். ட்ரிப்ஸ் தொங்கும் கம்பியைப் பார்த்து, "விபக்தி படிச்சுண்டு வந்தியா இல்லியா?" என்று மாணவனை அதட்டுகிற மாதிரி அதட்டினார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் அதுவும் நின்றுபோயிற்று. வேண்டுமென்றே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாசுரத்தை அடி மாற்றித் தப்பாகச் சொன்னேன். வீட்டில் நான் அடுக்களையில் முணுமுணுத்தால்கூட வாசலிலிருந்து திருத்துகிறவர். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திருத்தவில்லை.

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரத்தத்துல தட்டணு குறையுது டீச்சர். கல்லீரலும் கொஞ்சம் வீங்கியிருக்கு. நாளைக்குள்ள காய்ச்சல் இறங்கலைன்னா சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இதுக்கு மேல இங்க வெச்சுக்கறது சரியில்லை" என்றார். என்ன ஜுரம் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். இருபத்தாறு வருஷம் இந்த மனுஷரோடு மல்லுக்கட்டியாயிற்று. அவர் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன்? பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆறாம் நாள் காலையில், லீவில் போயிருந்த நர்ஸ் கிரேஸ் வேலைக்குத் திரும்பினாள். முப்பது வயது இருக்கும். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். வந்தவுடன் கேஸ் அட்டையைப் படித்தாள். இவர் கண்ணை இழுத்துப் பார்த்தாள். என்னிடம் திரும்பினாள்.

"மாமி, சார் எங்கனா காடு மேடுன்னு சுத்திக்கினு வந்தாரா?"

"காடா? கோயிலும் பள்ளிக்கூடமும் விட்டா அவருக்கு வேற ஊரே கிடையாதும்மா."

"நல்லா யோசிங்க மாமி. ஒரு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி?"

பார்வேட்டையைச் சொன்னேன். மலையைச் சொன்னேன். புதரையும் ஐந்து வேஷ்டியையும் சொன்னதுதான் தாமதம், கிரேஸ் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு வருசம் இருந்தேன் மாமி. மழை வுட்ட அப்புறம் இந்த மாதிரி கேஸுங்க வரிசையா வரும். உண்ணிக் காய்ச்சல். பூச்சி கடிச்ச இடத்துல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். எல்லாருக்கும் இருக்காது. இருந்துச்சுன்னா உடனே புடிச்சிடலாம். சார் உடம்பு முழுக்கப் பார்க்கணும்."

மாத்திரை போட்டுக் கொஞ்சம் இறங்கியிருந்த நேரம் அது. இவருக்கு நினைவு தெளிந்திருந்தது. கிரேஸ் காதுக்குப் பின்னால் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கக்கத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். இடுப்புக்கு வந்தாளோ இல்லையோ, இரண்டு கையாலும் வேஷ்டி முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எழுந்து உட்காரத் தெம்பில்லாதவருக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ!

"சார், சும்மா பார்த்துட்டு வுட்டுர்றேன்" என்றாள் கிரேஸ்.

"முடியாது."

"டாக்டர் பார்த்தாரா இல்லையா?"

"அவருக்கும் முடியாதுன்னுதான் சொன்னேன்."

கிரேஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான் வெளிய நிக்கறேன் மாமி. நீங்களே பாருங்க. இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னாடி, ஒரு எடம் வுடாதீங்க. சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும்."

"சிகரெட்டா!" என்று கட்டிலிலிருந்து ஈனசுரத்தில் ஒரு கூச்சல் வந்தது. "எங்க வம்சத்துலயே..."

"உங்க வம்சத்தை யாரும் ஒண்ணும் சொல்லலை. கையை எடுங்கோ" என்றேன்.

"இன்னும் பூஜை ஆகலை. மடி..."

"நீங்க பூஜை பண்ணி ஆறு நாளாச்சு. மடியாவது மண்ணாங்கட்டியாவது! கையை எடுக்கறேளா, நான் கத்தரிக்கோல் வாங்கிண்டு வரட்டுமா?"

என் குரலைக் கேட்டு எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையே எழுந்து நிற்பாள். இவர் கையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்து, சுற்றைத் தளர்த்தினேன். இடது பக்கம், வேஷ்டி இறுக்கிக் கட்டுகிற இடத்திலேயே இருந்தது. நெற்றிப் பொட்டு அளவு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம்.

"இது என்ன?"

"அதுவா? ஒண்ணுமில்லை. தீவட்டிப் பொறி பட்டது."

"எப்போ?"

"பார்வேட்டையன்னிக்கு. தீவட்டிக்குப் பக்கத்துலதானே நடந்தேன்."

"வலிச்சுதா?"

"கைங்கர்யத்துல பட்டது எப்படி வலிக்கும்? பட்டதே தெரியலை. நாலஞ்சு நாள் கழிச்சு ஸ்நானம் பண்றச்சேதான் பார்த்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "நீ ரகளை பண்ணுவேன்னுதான் சொல்லலை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கணக்கு டீச்சருக்கு ஆத்திரத்திலும் ஒரு கணக்கு ஓடும். இடுப்பில் வேஷ்டி நாலு சுற்று. அதற்கு மேல் கொசுவம். அதற்கும் மேல் துண்டு. பொறி பறந்து வந்து தோலைச் சுட வேண்டுமென்றால் முதலில் இத்தனையையும் சுட வேண்டும். மாற்றுத் துணி வைத்திருந்த பையில் அந்தப் பார்வேட்டை வேஷ்டியே இருந்தது. ராசியான வேஷ்டி, ஆஸ்பத்திரியில் கூட இருக்கட்டும் என்று இவர்தான் எடுத்து வரச் சொல்லியிருந்தார். அதை உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன்.

"ஓட்டை எங்கே?" என்றேன்.

"என்ன ஓட்டை?"

"பொறி பட்டா வேஷ்டியில ஓட்டை விழணுமா இல்லியா? ஊசி முனை அளவுகூட இல்லையே!"

யோசித்தார். நூற்று இரண்டு ஜுரத்திலும் பதில் சொல்லாமல் இருந்தால் அவர் சக்ரவர்த்தி இல்லையே. "அதான் பெருமாள் கருணை. வேஷ்டிக்கு ஒண்ணும் ஆகலை."

"உங்களைச் சுட விட்டுட்டு வேஷ்டியைக் காப்பாத்தினாரா பெருமாள்? அவருக்கு வேஷ்டியைவிட அற்பமாவா போயிட்டேள் நீங்க?"

நான் கதவைத் திறந்து, "கிரேஸ்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறை நோயாளிகூட எழுந்து வந்துவிட்டார்.

கிரேஸ் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்தார், குனிந்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். "இதை நான் பார்த்திருக்கணும்" என்று அவரே சொன்னார். ரத்தம் எடுத்து வேலூருக்குச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருகிறவரை காத்திருக்க வேண்டாம் என்று அப்போதே டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஆரம்பித்தார். இதற்கென்று எங்கேயோ கிடைக்கிற அபூர்வ மருந்தில்லை. எல்லா மருந்துக்கடையிலும் இருக்கிற மாத்திரை. "பலன் தெரிய ரெண்டு நாள் ஆகலாம். லேட்டாத்தான் ஆரம்பிக்கிறோம், பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"மாட்டுமேல தொங்கும் பாருங்க, அந்த மாதிரி பெருசு இல்ல மாமி இது" என்று கிரேஸ் எனக்கு விளக்கினாள். "அந்த ஜாதிதான், ஆனா இதோட குஞ்சுங்க கண்ணுக்கே தெரியாது. புல்லுலயும் புதர்லயும் இருக்கும். துணிய விரிச்சா ஏறிக்கும், உக்கார்ந்தா ஏறிக்கும். எங்க துணி இறுக்கமா இருக்குதோ அங்க போய்க் கடிக்கும். வலிக்காது, அரிக்காது. அதான் யாருக்கும் தெரியறதில்ல."

"உனக்கு மட்டும் எப்படிம்மா இதெல்லாம் தெரிஞ்சுது?"

"வேலூர்ல பேருதான் கத்துக்கினேன் மாமி. எங்கப்பா யேசுதாஸ் பாலாத்தங்கரையில ஆடு மேய்க்கறவரு. சாயங்காலம் வந்தா எங்கம்மா வாசல்லயே நிக்க வெச்சிடுவாங்க. துணிய கழட்டி அங்கயே வெந்நீர்ல போட்டு, சோப்பு தேய்ச்சுக் குளிச்சு, அக்குள் இடுக்கெல்லாம் பார்த்து, வேற துணி மாத்தினாதான் வூட்டுக்குள்ள வுடுவாங்க. அதுவரைக்கும் எங்களைத் தொடக்கூடாது. புதர்மேல துணி காயப்போட்டா அடிதான்."

"இது எங்காத்து மடியைவிடக் கெடுபிடியா இருக்கே!" என்றேன். ஆறு நாளில் அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்த வாய் அப்படியே நின்றது. புதர்மேல் ஐந்து வேஷ்டி!

"நீங்க போங்க மாமி. சாரையும் வேட்டியையும் நான் பார்த்துக்கறேன்" என்று கிரேஸ் என் கையிலிருந்த வேஷ்டியை வாங்கிக்கொண்டாள்.

ஸ்ரீவர்தன் வீட்டுக் கூடத்தில் நாலு பேரும் அடுத்த உற்சவத்துக்குச் சந்தை சொல்லி, பாசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவர்தன் எங்கள் எதிர்வீடு. ப்ரஹ்லாத் பாங்கில் வேலை பார்க்கிற இளைஞன். மற்ற இருவரும் ரிட்டையர் ஆனவர்கள். நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்கள் என்று முதலிலேயே சொன்னேனே, அது இங்கேதான். ஸ்ரீவர்தன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மாமி, மடியா உலர்த்தின வேஷ்டியில உண்ணியா? யார் காதுலயாவது விழுந்தா எங்களைத் தெருவுல நடமாட விடமாட்டா."

"அவர் அங்கே உயிருக்குப் போராடிண்டிருக்கார். இதுல சிரிக்க என்ன இருக்கு? நாலு பேரும் உள்ளே போய் இடுப்பைப் பாருங்கோ. தொடையைப் பாருங்கோ. பார்க்காம யாரும் வெளியே வரப்படாது" என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போனார்கள். முதல் மூன்று பேரும், "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். ப்ரஹ்லாத் மட்டும் வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் தலை மட்டும் தெரிந்தது.

"மாமி... தொடையில ஒண்ணு இருக்கு. கொசுக்கடின்னு நினைச்சேன். நேத்திலேர்ந்து உடம்பும் லேசா சுடறது."

கையோடு அழைத்து வந்து டாக்டர் முன்னால் நிறுத்தினேன். ஆரம்பத்திலேயே மாத்திரை போட்டதில் அவனுக்கு மறுநாளே ஜுரம் விட்டது.

இவருக்குத்தான் விடவில்லை. அன்று முழுக்க அப்படியே இருந்தது. மறுநாள் சாயங்காலமும் நூற்று இரண்டு. சென்னைக்குப் போகிற காருக்குச் சொல்லிவைக்கலாமா என்று கேட்டேன். "காலை வரைக்கும் பார்ப்போம்" என்றார் டாக்டர். நான் கட்டில் காலடியில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த பாசுரம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. பெருமாளே, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், இந்த வம்பு பிடித்த மனுஷரை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். விடிகிற நேரம் நெற்றியைத் தொட்டால் ஈரம். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கிரேஸ் வந்து தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். என்னிடமே நீட்டினாள். தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு. இரண்டு தடவை படித்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் குளிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. வெந்நீரில் குளித்துவிட்டு, துண்டோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். "வேஷ்டி?" என்றார். நான் அந்தப் பார்வேட்டை வேஷ்டியை எடுத்து நீட்டினேன். மஞ்சள் பழுப்பெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று இருந்தது. வாங்கப் போன கை நின்றது.

"யார் துவைச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கிரேஸ். அண்டாவுல கொதிக்க வெச்சு அலசினா."

"உலர்த்தினது?"

"அவதான். மாடியில, கயித்துல. இஸ்திரி போட்டு மடிச்சதும் அவதான்."

வாசலில் கேஸ் அட்டையோடு கிரேஸ் நின்றிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். ஒரு வார்த்தை சொல்லட்டும், ஆஸ்பத்திரி என்றும் பார்க்கமாட்டேன்.

இவர் வேஷ்டியை வாங்கினார். பிரித்து, என்னை மாதிரியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நன்னா வெளுத்திருக்கேம்மா" என்றார். சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

கொசுவம் வைக்கும்போது மடிப்பு நழுவி நழுவிப் போயிற்று. நான் பழக்கத்தில் நாலடி தள்ளியே நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹேமா, அங்கே என்ன பார்த்துண்டு நிக்கறே? வந்து இதைக் கொஞ்சம் பிடி."

போய்ப் பிடித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் பிடித்திருந்தேன், ஆனால் ஒரு மடிப்புக்கூட நழுவவில்லை.